கொல்லை கிணற்றோடு சரி

வல்லக்கோட்டை முருகன் துணை
16.6.1991

அன்புத் தங்கை கங்காவுக்கு அண்ணன் தணிகாசலம் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி மீனம்மாள், மகள் வாணி மூவரும் சுகம். விஜயவாடாவில் நீயும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அம்மாவும் சுகமாக இருப்பதற்கு எழுதவும். அந்த ஊர் வெயிலில் கல்லே வெடிக்கும் என்று எங்கள் போர்மேன் சொல்கிறார். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. தலைத் திவசம் வருவதற்குள் பங்கைப் பிரித்துவிட வேண்டும். போன வாரம் கன்னியப்பன் மாமா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பொண்ணுக்கு இன்னாத்துக்குப்பா பங்கு? அதான் நக போட்டு அனுப்பிச்சாச்சே" என்றார். "ரெண்டு வருசமா சட்டம் கீது மாமா. அத்த வுட எங்கப்பா சொன்ன வார்த்த கீது" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அப்பா சொன்னது உனக்கும் தெரியும். அவரும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டதும் அப்படித்தான். "பெரிசு பிரிக்கணும், சின்னது மொதல்ல எடுக்கணும். பிரிச்சவன் வாயத் தொறக்கக் கூடாது." எது தனக்கு வரும் என்று தெரியாமல் பிரித்தால்தான் பிரிக்கிறவன் கை நேராக இருக்கும் என்பார்.

நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது. பிரிப்பதற்கு இருப்பது இரண்டு வீடுதான். நாங்கள் இருக்கிற இந்த மெத்தை வீடு, தாத்தா காரைத் தளம் போட்டுக் கட்டியது, ஒரு பங்கு. நிலம் விற்று அப்பா மூன்று வருஷத்துக்கு முன் படப்பையில் கட்டிய கான்கிரீட் வீடு இன்னொரு பங்கு. படப்பையில் குடியிருந்த பாங்க் குமாஸ்தா சித்திரையில் காலி செய்துவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. பிரிப்பதற்கு முன்னால் நான் போய் அங்கே பால் காய்ச்சினால், நல்லதைப் பிடித்துக்கொண்டான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன்.

நான் பிரித்துவிட்டேன். நீ எடு. அவசரமில்லை, ஆனால் மறந்துவிடாதே.

உன் அண்ணன்
தணிகாசலம்


விஜயவாடா
27.6.1991

அன்புள்ள அண்ணாவுக்குக் கங்காவின் நமஸ்காரம். தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தாங்கள் அனைவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ந்தோம்.

பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். "அண்ணன நீன்னா எழுதுவாங்க?" என்று போன கடிதத்துக்கே பாட்டு விழுந்தது. அதனால்தான் இந்தத் தாங்கள். இதோ எழுந்து போய்விட்டார். இனிமேல் நீ.

கல் வெடிக்கவில்லை. நான்தான் வெடிக்கிறேன். உனக்கு ஒரு நல்ல செய்தி. இவருக்குத் தாம்பரம் ரயில்வே ஷெட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. தை பிறந்ததும் வந்து சேர வேண்டும். ஆகவே பங்கு என்றால் பத்திரத்தில் பெயர் போட்டுப் பெட்டியில் வைப்பதற்கு இல்லை. நான் எடுக்கிற வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கப் போகிறோம். இங்கே ஆபீசில் இவர் ஊர்ப் பெயரைச் சொன்னால், மே மாதம் வெடித்த குண்டுக்குப் பிறகு எல்லோரும் ஒரு மாதிரி திரும்பிப் பார்க்கிறார்களாம். "ஸ்ரீபெரும்புதூர் இல்லைங்க, அதுக்குப் பக்கம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

படப்பை வீட்டை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கட்டும்போது ஒரு தடவை, ஜல்லி மேல் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு குடித்தனம் வந்துவிட்டது. மெத்தை வீடும் என் கல்யாணத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறதோ. அப்பா காரியத்துக்கு வந்த பத்து நாளில் கூடத்தை விட்டு நகரவில்லை. ராத்திரிக்கு இவர் லாட்ஜில் அறை எடுத்து எங்களைச் சுங்குவார்சத்திரத்திலேயே தங்க வைத்துவிட்டார், கூட்டம் அதிகம் என்று.

அதனால் இரண்டு வீட்டையும் பற்றி விவரமாக எழுது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே அப்பா சொன்னார், பேனாவைத் திறக்கலாம்.

அண்ணிக்கும் வாணிக்கும் என் அன்பு. 

கங்கா


வல்லக்கோட்டை முருகன் துணை
7.7.1991

கங்காவுக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்தது கேட்டு முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். எல்லோரும் சுகம். கம்பெனி கேன்டீனில், டீ ஆறுகிற நேரத்தில் எழுதுகிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

எந்தப் பக்கமும் சாயாமல் எழுத வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்து வரியை எண்ணப் போகிறேன்.

மெத்தை வீட்டில் சுவர் கனம். சன்னல் மாடத்தில் வாணி காலை மடக்கி உட்கார்ந்து படிக்கிறாள் என்றால் பார்த்துக்கொள். சித்திரை மதியத்தில் வெறும் தரையில் படுத்தால் முதுகு சில்லென்று இருக்கும், மின்விசிறி வேண்டாம். உத்திரமெல்லாம் தேக்கு, ஒன்றும் ஆகவில்லை. மழைக்குத்தான் வீடு ஆகாது. முற்றத்தில் விழுவது போதாதென்று கூடத்தில் நாலு இடத்தில் குண்டான் வைக்கிறோம். நிலைப்படி எல்லாம் குட்டை, மாப்பிள்ளை ஆறடி. சமையல் இன்னும் விறகுதான், புகை போக ஒரு கூண்டு. நெல் அறை காலி. நெல் கொட்டிவைத்த குதிர் மட்டும் நிற்கிறது. மீனா இன்னமும் வெள்ளிக்கிழமை அங்கே விளக்கு வைக்கிறாள்.

கொல்லை கிணற்றோடு சரி. அதற்கு அப்பால் கம்பெனிக்காரர்கள் போன மார்கழியில் காம்பவுண்டு எடுக்க ஆரம்பித்துப் பங்குனியில் முடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் கூண்டு இருக்கிறது. சுவர்மேல் பெரிய விளக்கு போட்டிருக்கிறார்கள், ராத்திரி முழுக்கக் கொல்லையில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். பாம்பு பயம் இல்லை. இதை நல்லதில் சேர்த்துக்கொள்.

படப்பை வீடு ஒரு ஹால், இரண்டு அறை. அடுப்படியில் மேடை, நின்றபடியே சமைக்கலாம். மோட்டார் போட்டால் தொட்டி நிறையும், திருகினால் தண்ணீர். பாத்ரூம், மற்றதெல்லாம் வீட்டுக்குள்ளேயே. தாம்பரம் பஸ் வாசலில் நிற்கும். ஆனால் தளம் வெயிலில் காய்ந்து ராத்திரி பத்து மணி வரை அனல் கக்கும். சுவரில் ஆணி இறங்காது, வீடு கட்டியவர் என்று அப்பா படத்தை மாட்டப் போய் நானே இரண்டு விரலை நசுக்கிக்கொண்டேன். சுற்றிலும் காலி மனை. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. கரண்ட் போனால் தண்ணீரும் போகும்.

எண்ணிவிட்டேன். நல்லதில் மெத்தை வீட்டுக்கு ஒரு வரி கூட வந்துவிட்டது. அதனால் படப்பைக்கு ஒன்று: அங்கே தபால்காரர் காலை பத்து மணிக்கே வந்துவிடுவார்.

தணிகாசலம்


விஜயவாடா
21.7.1991

அன்புள்ள அண்ணா, உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு, "உங்க அண்ணன் தராசுக் கடையில வேல பாத்திருக்கணும்" என்றார். எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. உன் விரல்கள் ஆறினவா?

மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குப் படப்பை வீட்டின் மேல் ஆசை. திருகினால் தண்ணீர் என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இந்தக் குவார்ட்டர்ஸ் தீப்பெட்டி மாதிரிதான், ஆனால் குழாய் உள்ளே இருக்கிறது. பதினோரு மாதத்தில் என் இடுப்பு குடத்தை மறந்துவிட்டது. இவர் படப்பை வீட்டைக் காகிதத்தில் கோடு போட்டு, கட்டில் இங்கே, அத்தைக்கு அந்த அறை என்று வரைந்துவிட்டார். சமையல் மேடையை நான் வரைந்தேன். மேடையில் ஒரு கிரைண்டர்கூட வைத்தாயிற்று.

உனக்கு மெத்தை வீடுதான் உயிர் என்று எனக்குத் தெரியும். அந்த உத்திரத்தை நீ எண்ணெய் போட்டுத் துடைக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் படப்பையைக் கேட்டால் உன் வாயில் இருப்பதைப் பிடுங்கினதாக ஆகாது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். அண்ணிக்கு எது பிடிக்கும் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பிரித்தவன்தான் வாயைத் திறக்கக் கூடாது. பிரித்தவன் பெண்டாட்டிக்கு வாய் இருக்கிறது அல்லவா?

நீ ஒன்றும் எழுத வேண்டாம். அடுத்த கடிதத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே, படப்பை உங்களுக்கு வேண்டுமென்றால் ஒரு புள்ளி வை. வேண்டாமென்றால் வைக்காதே. அப்பாவுக்குத் தெரியாது.

கங்கா


வல்லக்கோட்டை முருகன் துணை
25.8.1991

கங்காவுக்கு, எல்லோரும் ஓரளவு சுகம். மாப்பிள்ளை அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு.

பதில் தாமதமானதற்குக் காரணம் பல. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் கூட்டமோ கூட்டம், இரண்டு நாள் உறவுக்காரர்கள் வந்து தங்கினார்கள். அதே வாரத்தில் வாணி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். அப்பா போய் வருஷம் திரும்பாததால் சடங்கு ஒன்றும் வைக்கவில்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். வாணிக்கு அத்தை நீ, தை மாதம் வந்து சீர் செய்துகொள்ளலாம்.

போன வாரம் மீனா ஏரிக்கரையில் கால் பிசகி விழுந்துவிட்டாள். விடியற்காலை நாலு மணி, வழியெல்லாம் சேறு. கணுக்கால் வீங்கி, ஒரகடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். இப்போது நடக்கிறாள்.

அவளுக்கு வாய் இருக்கிறது, நான் அடைக்கவில்லை. கேட்டேன். "பங்குல நான் இன்னாத்த சொல்றது? நான் வூட்டுக்கு வந்தவ. அது அண்ணன் தங்கச்சி விசயம்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புள்ளி எல்லாம் வைக்க மாட்டேன். அப்பாவுக்குத் தெரியாது என்றால் எனக்குத் தெரியாதா? இரண்டில் எது வந்தாலும் நாங்கள் இருந்துகொள்வோம். ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்து உன் முடிவை எழுது.

தணிகாசலம்


விஜயவாடா
3.9.1991

அண்ணாவுக்கு, அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? வாணிக்கு என் முத்தம். அவளுக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே நாங்கள் நலம்தான்.

படப்பை வீடு எனக்கு என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போனேன். போகிற வழியில் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. காலை நாலு மணிக்கு அண்ணிக்கு ஏரிக்கரையில் என்ன வேலை? நமக்கு ஏரிப் பாசனம் இல்லை. இப்போது நிலமே இல்லை. மாடும் விற்றாயிற்று. பெட்டி முன்னால் நின்று யோசித்தேன், பிறகு திரும்பி வந்து உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், என்னுடையதை.

கொல்லை கிணற்றோடு சரி என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அண்ணி கொல்லைக்கு எங்கே போகிறாள்? வாணி எங்கே போகிறாள்?

கிணற்றுக்கு அப்பால் வேலிகாத்தான் புதர் இருந்தது, பனை இருந்தது. நானும் அண்ணியும் இருட்டுகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு சொம்போடு போய், ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் பேசுவோம். நீ கூடத்திலிருந்து, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கத்துவாய். அந்த இடத்தில்தானே காம்பவுண்டு? அங்கேதானே ஊசி எடுக்கிற மாதிரி விளக்கு? அதை நல்லதில் சேர்த்துக்கொள் என்று எப்படி எழுதினாய் அண்ணா?

உன்னைச் சொல்வானேன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் எனக்கே அது மறந்துபோயிற்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்குப் பதில் எழுதாமல் வேறு எதுவும் எழுதாதே.

கங்கா


முருகா
6.10.1991

அன்பு கங்காவுக்கு அண்ணி மீனம்மாள் எழுதுறது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன்னு உனக்குத் தெரியும், பேசுற மாரியே எழுதுறேன், தப்பு இருந்தா சிரிக்காத. உன் வூட்டுக்காரரும் உன் மாமியாரும் நல்லா கீறாங்களா? என் காலு பரவால்ல.

உன் லெட்டரு வந்து ஒரு மாசமாவுது. உங்க அண்ணன் அத்த மடிச்சு சட்டப் பையிலயே வெச்சிகினு கம்பெனிக்குப் போறாரு, வராரு. நாலு தபா பேப்பர எடுத்து வெச்சிகினு குந்துனாரு. தேதி போட்டாரு. அப்பறம் நேத்து பேனாவ என் கைல குடுத்துட்டு, "என்னால ஆவல. தங்கச்சிக்கு நான் எப்டி அத்த எழுதுறது, நீயே எழுது"ன்னு வெளிய போயிட்டாரு.

நீ கேட்டதுக்குச் சொல்றேன். வேலிகாத்தான் ஒண்ணு கூட இல்ல, எல்லாத்தியும் மிசினு வெச்சு வாரிட்டாங்க. பனையும் போச்சு. இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் ரோடு, லாரி ஓடிகினே கீது. தெருப் பொம்பளைங்க எல்லாம் மூணரைக்கு எழுந்து ஒண்ணாப் போறோம். ஏரிக்கரைக்கு முக்கா மைல். அதுக்கு மேல விடிஞ்சிரும், ஆம்பளைங்க வந்துருவாங்க. பகல்ல வந்தா அடக்கிக்க வேண்டியதுதான். மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கறதில்ல. முன்ன நான் மட்டும்தான், இப்ப வாணியும். அத எழுப்பறதுதான் கஷ்டமா கீது. தூக்கத்துலயே என் முந்தானியப் புடிச்சிகினு நடக்குது. பள்ளிக்கோடத்துல தண்ணி குடிக்காதன்னு நானே சொல்லி அனுப்புறேன்.

இத்த உனக்குச் சொல்லக் கூடாதுன்னு உங்க அண்ணன் நெனைக்கல. சொன்னா உன் மனசு சாஞ்சிரும்னு நெனச்சாரு. நானும் அதான் சொல்றேன். இதுக்காவ நீ வூட்ட மாத்தாத. நீ மேடை போட்டு வரைஞ்சேன்னு படிச்சுக் காட்டுனாரு. உனக்கும் ஆசை இருக்காதா?

மாமியாருக்கு என் வணக்கத்தச் சொல்லு.

மீனம்மாள்


விஜயவாடா
16.10.1991

அண்ணாவுக்கு, அண்ணியின் கடிதம் கிடைத்தது. அதைப் படித்த பிறகு சுகம் விசாரிக்க வாய் வரவில்லை. அண்ணியை மத்தியானம் தண்ணீர் குடிக்கச் சொல்.

இவரிடம் படித்துக் காட்டினேன். "ஒரு கக்கூஸ் கட்டுனா போச்சு, இதுக்கு எதுக்கு வீட்டையே மாத்தணும்?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். கிணற்றுப் பக்கம் கட்ட முடியாது, குடிக்கிற தண்ணீர். முற்றத்தில் இடமில்லை. ஆனால் நெல் அறை காலியாகத்தானே இருக்கிறது? தெருப் பக்கச் சுவர், கிணற்றுக்கு நேர் எதிர் மூலை. வெளியே தெருவோரம் குழி எடுத்தால் வேலை முடிந்தது. நெற்குதிரை எடுத்துவிட்டு மேஸ்திரி முனிரத்தினத்தைக் கூப்பிட்டால் ஒரு மாதம்.

பிரித்த பொருளில் கை வைக்கக் கூடாது என்பாய். வைக்கலாம் என்று எடுக்கிற நான் சொல்கிறேன். நாளைக்கே ஆரம்பி. பிறகு எது யாருக்கு என்று பார்ப்போம்.

கங்கா


வல்லக்கோட்டை முருகன் துணை
29.10.1991

கங்காவுக்கு, மழை பிடித்துக்கொண்டது. குண்டான்கள் ஆறாகிவிட்டன. மற்றபடி சுகம்.

மீனா எழுதியதை நான் படிக்கவில்லை. அவள் ஒட்டிக் கொடுத்தாள், போட்டேன். ஆனால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் எழுதியிருக்க முடியாத ஒன்றை நான் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் வரிசையாகப் பத்து கட்டியிருக்கிறார்கள், ஓடு பதித்து, தண்ணீர் விட்டு. நான் அங்கே போய்விடுகிறேன். இந்த ஏழெட்டு மாதத்தில் எனக்கு ஒரு நாளும் ஒரு கஷ்டமும் இல்லை. உனக்குக் கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வந்து பேனா ஓடவில்லை.

நெல் அறை விஷயம். நீ எழுதியதைச் சொன்னதும் மீனா வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, லட்சுமி இருந்த எடம். நான் வெளக்கு வெச்ச எடத்துல போயி குந்துவனா? அதுக்கு ஏரியே மேலு" என்கிறாள். எனக்கும் கை வராது. நெல் கொட்டும்போது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போவார். படித்தவன் பேசுகிற பேச்சா என்று நீ கேட்பாய். கேள். முனிரத்தினத்திடம் அந்த அறையைக் காட்டி, இதில் கட்டு என்று என் வாயால் சொல்ல முடியாது.

முடிவை நீ எழுது. சாய்ந்து எழுத வேண்டாம். உனக்குப் பிடித்ததை எழுது. படப்பை உனக்கு என்றால் இந்த வீட்டில் வேறு வழி நான் தேடுவேன்.

தணிகாசலம்


விஜயவாடா
9.11.1991

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். மழைச் செய்தியை ரேடியோவில் கேட்டோம். ஏரிக்கரையில் இந்தச் சேற்றில் அண்ணி எப்படிப் போவாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நலம்.

அப்பா சொன்னபடி சின்னவள் எடுக்கிறேன். எனக்கு மெத்தை வீடு. உனக்குப் படப்பை.

நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. வரைந்த காகிதத்தைப் பார்த்து ஒரு மதியம் அழுதேன். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊரிலிருந்து தாம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பஸ், அவருக்குக் கோபம் வருவது சரிதான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "நிலைப்படி தலைல இடிக்குமே?" என்றார். குனிந்து வாருங்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் கட்ட மாட்டீர்கள். நான் கட்டுவேன். உங்களுக்கு அங்கே லட்சுமி இருக்கிறாள். எனக்குத் தெரிந்து அங்கே நெல்தான் இருந்தது, அந்த நெல்லும் போய்விட்டது. ஒரு வீட்டில் பெண்கள் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார்கள் என்றால் லட்சுமி அங்கே ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறாள்? தை பிறந்ததும் முனிரத்தினம் வருவார். கூடத்து ஒழுகலுக்கு மெத்தைமேல் தட்டு ஓடு பதித்துவிடலாம் என்று இவர் சொல்கிறார். அடுப்படியில் மேடையும் உண்டு, என் ஆசையை நான் விடுவதாக இல்லை.

நீ மார்கழிக்கு முன்னால் படப்பைக்குப் போய்விடு. பத்திரம் பிறகு எழுதிக்கொள்ளலாம். எதிர்த்து ஒரு வரி எழுதாதே. பிரித்தவன் நீ.

கங்கா


வல்லக்கோட்டை முருகன் துணை
22.11.1991

என் கங்காவுக்கு, எல்லோரும் சுகம்.

ஒன்றும் எதிர்த்து எழுதவில்லை. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். மீனா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அடுப்பு பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணுக்கு ஆசையா இருந்துச்சே" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டில் எது கூட என்று எண்ணிப் பார்க்கவில்லை.

கார்த்திகை இருபத்திரண்டில் குடி போகிறோம். கிரகப்பிரவேசம் அப்பா காலத்திலேயே ஆகிவிட்டது, பால் மட்டும் காய்ச்சுவோம். நெல் அறை விளக்கை மீனா கூடவே எடுத்துக்கொள்கிறாள். நெல் குதிர் வேண்டும் என்று கன்னியப்பன் மாமா கேட்டார், கொடுத்துவிட்டேன். அந்த அறையில் முனிரத்தினம் கடப்பாரை போடுகிற அன்று என்னைக் கூப்பிடாதே. எனக்கு ஏ ஷிப்ட் என்று வைத்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். எப்படிச் சொல்வது என்று தெரியாததால் உன்னிடம் விடுகிறேன்.

தணிகாசலம்


முருகா
படப்பை
13.12.1991

அன்பு கங்காவுக்கு அண்ணி எழுதுறது. இங்க எல்லாரும் சொகம், அங்க எல்லாரும் சொகமா? உன் மாமியாருக்கு முட்டி வலி வுட்டுதா?

பால் காய்ச்சியாச்சு. நல்லா பொங்குச்சு. பக்கத்து வூட்டுல யாருன்னு கேட்டுட்டேன், செங்கல்பட்டுக்காரங்க, நல்ல மாரிதான். உங்க அண்ணன் இன்னொரு ஆணி அடிச்சு இன்னொரு வெரல நசுக்கிகினாரு.

மொத நா ராத்திரி படுத்தோம். மூணரைக்கு டாண்ணு முழிப்பு வந்துருச்சு. எழுந்து முந்தானிய சொருவிகினு, வாணிய எழுப்பலாம்னு தோள்ல கை வெச்சேன். வெச்சப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. போர்வைய இழுத்துப் போத்திட்டு வந்துட்டேன். ஆனா மறுபடியும் தூக்கம் வரல. ஹால்ல குந்திகினு இருந்தேன், இன்னா பண்றதுன்னே தெரியல. உள்ளதான் கீதேன்னு தெரியும், இருந்தாலும் போவல. இருட்டுல போறதுக்கு நான் எதுக்கு இங்க வந்தேன்னு தோணுச்சு.

வாசல்ல கீற காவாயத் தாண்டி பால்காரன் வந்தான், பால் வாங்குனேன். வெயில் ஹாலு வரைக்கும் வந்துச்சு. அப்பறம் போனேன். கல்யாணம் ஆவி பதினெட்டு வருசத்துல சூரியன் இருக்கச்சொல்ல நான் போனது அன்னிக்குத்தான் கங்கா.

வாணி ஏழு மணி வரைக்கும் தூங்குனா.

உன் அண்ணி
மீனம்மாள்